ரூட்டுக்கு ஒரு மூடி

டைப்ரைட்டிங் கிளாஸில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், அடிப்பதைப் படிக்காதே என்பதுதான். கண் தாளில் இருக்க வேண்டும், விரல் கீயில் இருக்க வேண்டும், மனசு எங்கே வேண்டுமானாலும் போகலாம். படிக்க ஆரம்பித்தால் கை நிற்கும், பிழை வரும். வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை நான் அப்படித்தான் வேலை பார்த்தேன். எத்தனையோ பேருடைய பதவி உயர்வும் இடமாற்றமும் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. யாராவது வந்து "எனக்கு என்ன ஆர்டர்மா வந்திருக்கு?" என்று கேட்டால் முழிப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

என் வீட்டுக்காரர் பிளஸ் டூ கணக்கு வாத்தியார். ரிடையர் ஆன பிறகும் சாயங்காலத்தில் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு கை நடுக்கம் வந்தது. முதலில் டீ டம்ளர், அப்புறம் கையெழுத்து, கடைசியில் சாக்பீஸ். போர்டில் அவர் போட்ட பின்னத்தின் கோடு மலைப்பாதை மாதிரி ஏறி இறங்கியது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அன்றைக்குக் கிளாஸை நிறுத்திவிட்டார். 

அவரிடம் முன்பு படித்த பெண் ஒருத்தி, சென்னையில் வேலை பார்ப்பவள், பார்க்க வந்தாள். லேப்டாப்பில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். இடது பக்கக் கட்டத்தில் குறியீடுகளை டைப் அடித்தால், வலது பக்கத்தில் கணக்குப் புத்தகத்தில் இருப்பது போலவே சமன்பாடு வந்து உட்காருகிறது. பின்னம், ரூட், தொகையீடு எல்லாம். அந்தப் பக்கத்தின் லிங்க்கை அனுப்பினால் போதும், யார் வேண்டுமானாலும் திறந்து அதிலேயே பதில் எழுதலாம். எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம், காசும் வேண்டாம்.

"சார் சொல்லட்டும். நீங்க அடிங்கம்மா. உங்களுக்குத்தான் டைப்பிங் தெரியுமே" என்றாள்.

அப்படித்தான் பத்தாம் வகுப்புக் கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறிய நான் இன்டெக்ரேஷன் அடிக்க ஆரம்பித்தேன்.

முதல் வாரம் வீடு ரணகளம். "ரூட் எக்ஸ் பிளஸ் ஒன்னு" என்பார். நான் எக்ஸுக்கு மட்டும் ரூட் போட்டு, ஒன்றை வெளியே விட்டுவிடுவேன். "உள்ளம்மா, உள்ள!" என்று கத்துவார். அடுத்த தடவை எல்லாவற்றையும் உள்ளே தள்ளினால், "அது எதுக்கு உள்ள போச்சு?" என்பார். விரலால் காட்டலாம் என்று கையை நீட்டினால், அது திரை முழுக்கக் காட்டும். அந்தப் பக்கத்தில் வளைவு அடைப்பு ஒன்றை மூட மறந்தால் போதும், வரி முழுக்கச் சிவப்பாகிவிடும். அவர் முகமும்.

"ஏங்க, எது வரைக்கும் ரூட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? குக்கருக்குக்கூட மூடின்னு ஒண்ணு இருக்குது. எங்க மூடணும்னு சொல்லுங்க, மூடறேன்" என்றேன் கோபத்தில்.

அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கணக்கில் மூடி வந்தது. "ரூட்டு, எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒன்னு, மூடி. பின்னம், மேல ரெண்டு, மூடி, கீழ எக்ஸ், மூடி." நான் டகடகவென்று அடிப்பேன். வலது பக்கத்தில் அவர் கையெழுத்தைவிட அழகாக வந்து நிற்கும். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிள்ளைகள் பதில் எழுதுவார்கள். அந்தப் பக்கத்தில் பெயரெல்லாம் வராது, எல்லாரும் 'விருந்தினர்'தான். ஆனாலும், சுற்றி வளைத்துப் போடுபவன் யார், பாதியில் விட்டு ஓடுபவள் யார் என்று வழிமுறையைப் பார்த்தே சொல்லிவிடுவார். விடை சரியாக இருந்தால், "சரி போடு" என்பார். நான் கீழே 'சரி' என்று அடிப்பேன். சரி போட்டால்தான் அந்தக் கணக்கு முடிந்ததாக அர்த்தம்.

நடுநடுவே என்னைக் கேட்பார். "இவ்ளோ அடிக்கிறியே, இது என்னான்னு ஒரு நாளாவது கேக்கறியா? உக்காரு, சொல்றேன்."

"எனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? புரிஞ்சிட்டா கை நின்னுடும்" என்பேன். நகைச்சுவையாகச் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பௌர்ணமி. எங்கள் தெரு வரைக்கும் வெளியூர் பஸ்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஜனம் இறங்கி இறங்கி மலையைப் பார்க்க நடந்துகொண்டிருந்தது. கல்யாணமான புதிதிலிருந்து மாதம் தவறாமல் கிரிவலம் போனவர்கள் நாங்கள். அவருக்கு முடியாமல் போன பிறகு நானும் போகவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று "ஒரு கணக்கு அடி" என்றார். அடுப்பில் பருப்பு இருந்தது. அதை சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். இருவர் ஒரே நேரத்தில் மலையைச் சுற்றக் கிளம்புகிறார்கள். அவன் வேகம் v. அவள் வேகம் w, அது கம்மி. போதாததற்கு, வழியில் அம்மா வீட்டில் நின்று t நேரம் பேசுகிறாள். அவர்கள் வழக்கமாக டீ குடிக்கும் கடை d தூரத்தில் இருக்கிறது. அவன் அங்கே எவ்வளவு நேரம் காத்திருப்பான்?

ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று அவர் போடும் கணக்கிலெல்லாம் மலையோ, தேரோ, வேலூர் பஸ்ஸோ வரும். அதனால் எனக்கு எதுவும் தோன்றவில்லை. என் கவனம் முழுக்க மூடியிலும், அடுப்பிலிருந்த பருப்பிலும் இருந்தது.

"எவ்ளோ நேரம் காத்துக்கினு இருப்பான்? நீ சொல்லு" என்றார்.

"பசங்க சொல்லுவாங்க" என்று லிங்க்கைப் பிள்ளைகளின் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

பருப்பு தாளித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சரியான விடை என்று அவரே சொன்னார். "அப்ப சரி போடட்டுமாங்க?" என்றேன்.

"இருக்கட்டும். இன்னும் ஒருத்தர் பதில் வரணும்."

மந்தமான பிள்ளை யாரோ போலிருக்கிறது, அது போடட்டும் என்று விட்டு வைக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு மூன்று தடவை ஞாபகப்படுத்தவும் செய்தேன். "வரும்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் நானும் மறந்துவிட்டேன்.

போன ஐப்பசியில், மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு, ஒரு நாள் பிள்ளைகள் குரூப்பில் என் போனிலிருந்தே அந்த லிங்க்கைத் தொட்டேன். அதுவரை அடித்த கணக்கெல்லாம் அப்படியே இருந்தது. அடிக்க வேண்டிய வேலை இல்லாததால், முதல் தடவையாகப் படித்தேன். கணக்கு, விடை, சரி. கணக்கு, விடை, சரி. ஒரே ஒரு கணக்கின் கீழ் மட்டும் சரி இல்லை.

அம்மா வீட்டில் நின்று t நேரம் பேசுகிறாள்.

என் அம்மா வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. நான் வெறுங்காலில் சின்னக் கல்லுக்கெல்லாம் பயந்து நடப்பேன். போதாததற்கு அம்மா வீட்டு வாசலில் நின்றால் பேச்சு முடியாது. அவர் விடுவிடுவென்று முன்னால் போய், அந்த டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு நிற்பார். நான் போய்ச் சேரும்போது என் டம்ளரில் ஆடை கட்டியிருக்கும். "எவ்ளோ நேரம் டி" என்பார். ஒவ்வொரு பௌர்ணமியும் அதே கேள்வி. நான் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

என் கையாலேயே அடித்திருக்கிறேன். என் வேகம், என் அம்மா வீடு, எங்கள் டீக்கடை. ஒரு எழுத்துப் பிழை இல்லை. பதில் வர வேண்டிய அந்த ஒருத்தர், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அடித்த நான்தான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை. உக்காரு என்றபோது உட்கார்ந்திருக்கலாம். பருப்பு கருகினால் கருகியிருக்கட்டும். அன்று முழுக்க அழுதேன். அழுது முடித்ததும் அவர் மேல் கோபம் வந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா மனுஷன்?

மறுநாள் கணக்கைப் போட உட்கார்ந்தேன். மேலே இருந்த விடையைக் கையால் மறைத்துக்கொண்டேன். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவளுக்கு ஆகும் நேரம், அவனுக்கு ஆகும் நேரம் என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதி, காலையில் ஆரம்பித்தது மத்தியானம் ஆகிவிட்டது. அவள் நடந்த நேரத்தோடு நின்று பேசிய நேரத்தைக் கூட்டி, அவன் நடந்த நேரத்தைக் கழிக்க வேண்டும். இவ்வளவுதான். இதற்கு எனக்கு இத்தனை நாள்.

பிறகு போனிலேயே அடித்தேன். பின்னம், மேல d, மூடி, கீழ w, மூடி. பிளஸ் t. மைனஸ், பின்னம், மேல d, மூடி, கீழ v, மூடி. சிவப்பு வரவில்லை. விடை வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் 'விருந்தினர்' என்று இருந்தது.

சரி பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் அவர் உட்காரும் ஜன்னல் பக்கம் திரும்பி, "சரி போடட்டுமாங்க?" என்று கேட்டுவிட்டேன்.