மழையும் தனிமையும் சேர்ந்தபோது

சகோதர சகோதரிகளே, கூடப்பிறந்த அக்காவின் காலைச் சேலையால் கட்டிலோடு கட்டிவைத்த வீடு எங்களுடையது. அந்த வெட்கத்தோடுதான் கர்த்தர் எங்களுக்குச் செய்ததைச் சொல்ல நிற்கிறேன்.

நாங்கள் இருப்பது அம்பிட்டியவில். மலைச்சரிவில் எங்களுக்குச் சற்று மேலே ஜெயந்தி அக்காவும் அவள் கணவரும் குடியிருந்தார்கள். ஒரு பெருமழையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தது. அத்தான் அதற்குள் புதைந்துபோனார். அக்கா எங்களோடு வந்து சேர்ந்தாள். அழவில்லை. சமைத்தாள், துணி துவைத்தாள். தேறிவிட்டாள் என்றே நினைத்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அவளைக் காணவில்லை. அருள் அண்ணன் தேடிப்போனார். அதே சரிவில் முழங்காலிட்டு, வெறுங்கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாளாம். நகங்கள் பிய்ந்து இரத்தம். தலைக்கு மேலே இன்னும் மண் தொங்கிக்கொண்டிருந்தது.

"மழையைக் கண்டாத்தான் இப்புடி ஆகுது" என்றார் அண்ணன். அடுத்த மழைக்கு எல்லோரும் வேலைக்குப் போகாமல் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அக்கா போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டே மழையைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்படியானால் தனியாக விட்டதுதான் தப்பு என்றார் அம்மா. ஆனால் வெயில் நாட்களில் அவள் தனியாகவே இருந்தாள். அப்போதும் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் நாங்கள் கொஞ்சம் அசந்து வெளியே போன நேரத்தில் மறுபடி போய்விட்டாள்.

காரணமே பிடிபடவில்லை. பேய் என்றார்கள். நடிப்பு என்றும் சொன்னார்கள். ஆஸ்பத்திரி மாத்திரை அவளைத் தூங்க வைத்தது, அவ்வளவுதான். கடைசியில் அண்ணன் அழுதுகொண்டேதான் அவள் காலைக் கட்டினார். "மண்ணுக்குள்ள போறதுக்கு இது மேல் பாப்பா" என்றார் என்னிடம்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். படித்து என்ன பயன்? காரணிப் பரிசோதனை வடிவமைப்பு என்ற பாடத்தில் ஏற்கனவே தவறியிருந்தேன். ஒரு காரணத்தை மாற்றிப் பார்ப்பது விளங்கியது. இரண்டை ஒன்றாக வைத்து எதற்குச் சோதிக்க வேண்டும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் காலை பஸ்ஸில் நின்றபடி மனதுக்குள் ஜெபித்தேன்: "ஆண்டவரே, அவளுக்கு என்ன நடக்கிறதென்று விளங்க வையும். இல்லாவிட்டால் அவளை எடுத்துக்கொள்ளும்." அப்படியும் கேட்டேன். அவ்வளவு களைத்திருந்தேன்.

அன்று வகுப்பு முடிந்து என் தோழி ரிஃப்கா நூலகத்தில் என்னை உட்காரவைத்தாள். மடவளை ஊர்ப் பிள்ளை அவள். தாளில் நான்கு கட்டம் போட்டாள்.

"இங்க பாரு புள்ள. லேசான கணக்கு, பக்கத்துல சத்தம். செஞ்சிருவாங்க. கஷ்டமான கணக்கு, சத்தமில்ல. அதையும் செஞ்சிருவாங்க. கஷ்டமும் சத்தமும் சேந்தாத்தான் எல்லாம் பிழையாப் போகும். ஒவ்வொண்டா பாத்தா ரெண்டுலயும் குத்தமில்ல. நாலு கட்டத்தையும் பாத்தாத்தான் பிடிபடும்."

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மழை, பக்கத்தில் ஆள். வெயில், தனிமை. நாங்கள் பயந்து பயந்து பார்த்ததெல்லாம் இவைதான். அவள் போன இரண்டு தடவையும் மழையும் பெய்தது, வீட்டிலும் யாரும் இல்லை. அந்த ஒரு கட்டத்தை மட்டும் நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மழை தொடங்கியிருந்தது. அண்ணன் பிலிமத்தலாவைக் கடையில் வேலைக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு அன்று கிளினிக். அக்கா தனியாக, கட்டிய காலோடு.

எப்படி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று சரியாக நினைவில்லை. அக்கா கட்டிலையே கதவுவரை இழுத்து வந்திருந்தாள். கணுக்கால் தோல் உரிந்து தொங்கியது. "அவரு கூப்புடுறாரு, ஒருத்தரும் வரமாட்றாங்க" என்று தரையைக் கையால் பறண்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை அவிழ்த்தேன். கதவைத் திறந்தேவைத்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நான் இருக்கேன்க்கா. நான் வந்துட்டேன்."

மெல்ல அவள் கை தரையைப் பறண்டுவதை விட்டது. பிறகு, அத்தான் போனதிலிருந்து சொல்லாததைச் சொன்னாள். "அன்னைக்கும் கத்துனேன் பாப்பா. மண்ணுக்குள்ள அவரு சத்தம் கேட்டுச்சு. வாங்க வாங்கன்னு கத்துனேன். மழையில யாருக்கும் கேக்கல." அன்றுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். மழை பெய்துகொண்டே இருந்தது.

அண்ணன் வந்ததும் சொன்னேன். "அப்ப மழைக்கு ஒரு ஆள் இருந்தாப் போதுமா?" என்றார்.

"போதும்னு சொல்லலண்ணே. இனிமே கட்ட வேணாம்னு சொல்றேன்."

அவர் அந்தச் சேலையை எடுத்து அடுப்பில் போட்டார்.

இதையெல்லாம் டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் முதல்தடவையாக அக்காவையே பேசவைத்துக் கேட்டார். சபைச் சகோதரிகள், நீங்கள்தான், வானம் இருண்டாலே ஒருவர் மாற்றி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அதன்பின் அவள் அந்தச் சரிவுக்குப் போகவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அத்தான் வரப்போவதில்லை. அக்கா இன்னும் சிரிப்பதில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறாள், தன் காலால் நடக்கிறாள். அதற்கே ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடியவில்லை. அந்தப் பரீட்சையிலும் தேறினேன். இன்று துக்கத்தில் இருப்பவர்களோடு பேசுவதே என் வேலை. ஒருவரைப் பார்த்தவுடன் காரணம் சொல்லிவிடும் அவசரம் என்னைவிட்டுப் போய்விட்டது.

உங்கள் வீட்டிலும் விளங்காத துன்பம் இருக்கலாம். கசந்துபோய்க் கேட்டாலும் கர்த்தர் கேட்கிறார். என் ஜெபம் நல்ல ஜெபமே இல்லை. அதற்கும் பதில் தந்தார். நீங்களும் கேளுங்கள்.