தேவதைக்கு என் குரல்

டிவியில் அண்ணி வாயைத் திறந்தார். என் குரல் வந்தது. அந்தப் பொங்கல் மதியம், பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது.

தேவலோகத்திலிருந்து தவறி விழுந்த ஒரு தேவதை, பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடி அலைகிற கதை. விடுமுறை நாளுக்கென்றே எடுத்த சிரிப்புப் படம். தேவதை வேஷத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவள் நான்தான். ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மேடை நாடகம் என்று பத்து வருடம் ஓட்டியவள். துணைக்கு அண்ணியை அழைத்துப் போனேன். அவர் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை செய்தார். மேடை ஏறியதே இல்லை. நான் வசனம் பேசி முடித்தபோது இயக்குநரின் கண் என்மேல் இல்லை. ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, டிபன் டப்பா மூடியைத் திறக்க முடியாமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படப்பிடிப்பு நடந்த நாட்களில் அண்ணன் முதல் பால்காரர் வரை அண்ணியைப் பற்றியே பேசினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒருநாள் இயக்குநர் என் ஆபீஸுக்கு போன் செய்தார். முகம் பிரமாதம், பேச்சில்தான் கன்னடம் கலக்கிறது, நீங்கள் குரல் கொடுக்க முடியுமா என்றார். அண்ணிக்குச் சொல்லிவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. வீட்டில் ஓவர்டைம் என்று பொய் சொல்லி, இரண்டு சாயங்காலம் போய்ப் பேசிவிட்டு வந்தேன். அண்ணிக்குக் கிடைத்ததில் பாதியைப் பிடுங்கிக்கொண்ட சந்தோஷம் பொங்கல்வரை இருந்தது.

"சிறகை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறேன், ஐயா" என்று தேவதை வீட்டுக்காரரிடம் கெஞ்சியபோது கூடமே குலுங்கிச் சிரித்தது. அண்ணி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். படம் முடிந்து எல்லோரும் போனபின் சமையலறைக்கு வந்தார்.

"ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நானும் வந்து ஒரு ஓரமா குந்தியிருப்பேன்ல. நீ பேசறத பாத்திருப்பேன்."

நான் தலை நிமிராமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் தெருவில் யார் அந்த வசனத்தைச் சொல்லச் சொன்னாலும், "அது எங்க நாத்தனார் பேசினது, அவளக் கேளுங்க" என்று என்னைக் கைகாட்டுவார். நானும் அதைப் பேசிக் காட்டுவேன். கேட்டவர்கள் அண்ணியின் முகத்தைப் பார்த்தே சிரிப்பார்கள்.

எனக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அண்ணியிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, இன்னும் கேட்கவில்லை. வேஷம் கைவிட்டுப் போனதுகூட ஆறிவிட்டது. அவருக்கு என்மேல் ஒரு நாளும் பொறாமை வந்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.