படகுக்கு நேரமாச்சு

ஓசூரில் நானும் என் மனைவியும் வெவ்வேறு கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அப்போது எனக்கு நைட் ஷிப்ட், அவளுக்குப் பகல். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துத்தான் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போனோம்.

கடற்கரையில் வறுத்த மீனை அவள் நிதானமாக முள் எடுத்துச் சாப்பிட்டாள்.

"சீக்கிரம் எந்திரி. படகுக்கு நேரமாச்சு. அப்புறம் சங்குக் கடை வேற இருக்குது" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "ஊர்ல நீங்க வர்றப்ப நான் பஸ்ஸுக்கு ஓடறேன். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சுங்க?"

பக்கத்தில் உட்கார்ந்து, மீதி மீனுக்கு நானே முள் எடுத்துக் கொடுத்தேன். படகு போய்விட்டது.

ஊர் திரும்பியதும் பகல் ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

கன்னியாகுமரியில் என்ன பார்த்தாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். என் மனைவி சாப்பிடுவதைப் பார்த்தேன்.