காட்டுக்குள் பேரு கிடையாது

மச்சானுடைய வேனின் பின்கதவைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது மிளகாய் அரைத்து வதக்கிய நெத்திலிச் சம்பாலின் வாசம். அதற்குப் பிறகுதான் கூடாரத் துணியின் பூஞ்சை நெடியும் காயாத சப்பாத்துகளின் நாற்றமும் வந்து சேரும். பின் இருக்கைகளைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் கோழிக் கூண்டுப் பக்கம் போட்டுவிட்டு, அந்த இடத்தில் அவரே பலகை அடித்துத் தட்டுகள் செய்திருந்தார். அடுப்புக்கு ஒரு தட்டு, கயிற்றுக்கு ஒன்று, ஐஸ் பெட்டிக்கு ஒன்று. வீட்டில் தன் சட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதருக்கு, வேனுக்குள் தீப்பெட்டி இருக்கும் இடம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். "என்னையக் கட்டிக்கிட்டாரா, இந்த வேனக் கட்டிக்கிட்டாரான்னே தெரியல லா" என்று அக்கா சலித்துக்கொள்வாள். சலித்துக்கொண்டே சம்பாலைப் போத்தலில் அடைத்துக் கொடுப்பாள்.

அவர் என் அக்காவின் கணவர். ஈப்போவில் ஒரு பட்டறையில் பஸ் இன்ஜின்களைப் பிரித்துக் கோர்க்கும் வேலை, செமோரில் வீடு, ஒரே மகள். பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்றபோது குடும்பத்தோடு சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவர். அந்தத் தோட்டம் இப்போது பாமாயில் எடுக்கும் செம்பனைக் காடாகிவிட்டது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வேனை ஓரம் கட்டி, "அந்தா தெரியுது பாரு, அங்கதான் எங்க லயத்து வீடு இருந்திச்சு" என்று ஒரு மரத்தைக் காட்டுவார். அடுத்த முறை வேறொரு மரத்தைக் காட்டுவார். நாங்கள் திருத்த மாட்டோம்.

பள்ளி விடுமுறை விட்டால் அவருக்கு வீடு கொள்ளாது. ஆயர் தாவாரில் உறவுக்காரர் வீட்டில் மதியச் சாப்பாடு, லூமுட் கடற்கரையில் கூடாரம், அங்கிருந்து திரும்பி வந்த களைப்பு தீருமுன்னே சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை. எங்கே ஆறு தெரிந்தாலும் வேன் நிற்கும். அக்காவும் மகளும் ஆற்றங்கரையோடு சரி. அக்கா அடுப்பை மூட்டிச் சோறு வடிப்பாள். ஆண்கள் மட்டும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் ஏறுவோம். ஆண்கள் என்றால் மச்சான், அவரோடு பட்டறையில் வேலை செய்யும் இரண்டு நண்பர்கள், பிறகு நான். எனக்கு மலையில் எந்தப் பிரியமும் கிடையாது. அட்டை கடிக்கும், முட்டி வலிக்கும், மேலே போய்ப் பார்த்தால் எல்லாம் ஒரே மூட்டமாக இருக்கும். சாப்பாட்டுக்காகப் போனவன் நான். அதையும் மச்சானிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். "சாப்பாட்டுக்கு வந்தாலும் வந்தியே, அது போதும் மச்சான்" என்பார்.

காட்டின் விளிம்பில் அவர் எங்களை நிறுத்துவார். அதுவரை விளையாட்டாக இருந்த மனிதரின் முகம் அங்கே மாறிவிடும். "உள்ள போனா பேரு கிடையாது. யாராச்சும் உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, அது நாங்க இல்ல. திரும்பாத, பதில் சொல்லாத." இது அவர் கண்டுபிடித்தது இல்லை. மலாய்க்காரர்களும் சொல்வார்கள், தோட்டத்தில் இருட்டோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்களும் சொல்லியிருக்கிறார்கள். காட்டில் இருப்பது நம் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளும், பிறகு தெரிந்தவர் குரலில் கூப்பிட்டு அழைத்துக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. மச்சானின் லயத்தில் அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி அப்படி ஒரு குரலுக்கு 'ஓ' கொடுத்துவிட்டுப் போனவள், புத்தி பேதலித்துத் திரும்பி வந்தாளாம். சிறு பிள்ளையாக அதைப் பார்த்தவர் அவர். அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் ஒரு காட்டுப் பெயர் வைத்திருந்தார், எல்லாம் சாப்பாட்டுப் பையில் இருப்பவைதான். நான் 'சார்டின்'. நண்பர்களில் ஒருவர் 'பிஸ்கட்', மற்றவர் காப்பித்தூளின் பேரில் 'கொப்பி'. அவர் 'சம்பால்'. அக்காவுக்குப் பெயர் வைக்கவில்லை. அவள்தான் காட்டுக்குள் வருவதே இல்லையே; எங்கள் காட்டுப் பெயர்களும் அவள் காதுக்குப் போனதில்லை.

செமோருக்குக் கிழக்கே தெரியும் மலைக்கு அவர்கள் மூவரும் போன அன்று எனக்கு வேலை. இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மச்சான் எப்போதும்போலக் கடைசியில் வந்தார். நண்பர்கள் கீழே ஓடையைத் தாண்டி நின்று பார்த்தார்கள், ஆளைக் காணோம். திரும்பி ஏறினார்கள். "சம்பால், சம்பால்" என்று தொண்டை வற்றக் கத்தினார்கள். மழை இரைச்சலில் அவர்கள் கத்தியது அவர்களுக்கே கேட்கவில்லை. இருட்டும் நேரத்தில் இறங்கி வந்து சொன்னார்கள். பாதையை விட்டு ஒரு காலடி ஒதுங்கியவரை மண் சரித்துக்கொண்டு பள்ளத்தில் தள்ளியிருந்தது என்பதும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வெளியே தெரிய அவர் அங்கேயே கிடந்தார் என்பதும் பிறகு தெரிந்தவை.

மறுநாளிலிருந்து மீட்புப் படையோடு தேடல். இரண்டு பக்கமாகப் பிரிந்து போனோம். நான் இருந்த குழு வடக்கே ஓடைக்கரையைப் பிடித்துக்கொண்டு போனது. நான் மச்சானின் காட்டுப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தலைக்கு மேலே ஆபத்து இருக்கும்போது ஒருவன் சம்பால், சம்பால் என்று கத்துகிறானே என்று குழுவினர் என்னைப் பார்த்தார்கள். விளக்கிச் சொன்னேன். தலைவர் மலாய்க்காரர், புரிந்துகொண்டு அவரும் சேர்ந்து கத்தினார். வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தம் போட்டதில்லை. ஆனால் நாங்கள் கத்தியது தப்பான பள்ளத்தாக்கில்.

அடுத்த நாள் இன்னொரு குழுவோடு அக்காவும் ஏறினாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. சேலையைத் தவிர வேறெதுவும் உடுத்தாதவள், மகளின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, மச்சானின் பழைய தொப்பியோடு, முதல்முறையாகக் காட்டுக்குள் போனாள். வீட்டு ஆளின் குரல் கேட்டால் கிடப்பவருக்குத் தெம்பு வரும் என்று அந்தக் குழுவில் ஒருவர் அவள் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்திருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் அக்கா, அப்போதுதான் காதில் விழும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா தயங்கி நின்றாளாம். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் மச்சானைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கிளினிக்கில் கேட்டால்கூட மகளைத்தான் சொல்ல வைப்பாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அவள் பிறந்த வீட்டுப் பாடம். என் வீட்டுப் பாடமும் அதுதானே. நான் சிரித்துவிட்டு மறந்தேன், அவள் மறக்கவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டிருக்கிறாள். அந்தச் சரிவு முழுவதும் நடந்து நடந்து கூப்பிட்டிருக்கிறாள். அன்று மாலை கீழே வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தப்பில்லல்ல தம்பி?" என்பதுதான். உயிர் பெரிதா, சாத்திரம் பெரிதா என்று நான் எரிந்து விழுந்தேன்.

அதற்கும் இரண்டு நாள் கழித்து, அந்தச் சரிவுக்குக் கீழேதான் அவர் கிடைத்தார். உயிர் இருந்தது. ஈப்போ மருத்துவமனையில் காலைப் பார்த்த டாக்டர் எங்களைத் தனியாக அழைத்து, புண் அழுகி இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலை எடுத்து ஆளைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். தலைக்கு வந்தது காலோடு போயிருக்கும். போகவில்லை.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் மச்சானுக்குப் பேச்சு தெளிவாக இருந்தது. முகம் வீங்கி, உதடு வெடித்து, ஆனால் கண்ணில் பழைய குறும்பு. அக்காவைக் கிட்டே வரச் சொன்னார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

"ஏய், ஒன்னு சொல்றேன் கேளு. அது உன் கொரலயே எடுத்துக்கிட்டு வந்திச்சு. ஸ்பீக்கர்ல பேசுற மாதிரி, அவ்ளோ பெருசா. என் பேரச் சொல்லிக் கூப்பிடுது. கிட்ட வருது, கூப்பிடுது. எனக்கு அழுகையே வந்திருச்சு லா, அப்படியே உன் கொரலு."

மூச்சு வாங்கியது. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா நான் யாரு? என் பொண்டாட்டி என்னைக்கி என் பேர வாயில எடுத்திருக்கா? அந்தச் சனியனுக்கு அது தெரியல பாத்தியா. அங்கதான் மாட்டிக்கிச்சு. வாயப் பொத்திக்கிட்டு அப்படியே கெடந்தேன், அது போற வரைக்கும். நீ பேரு சொல்லாததாலதான் இன்னைக்கி நான் பொழச்சுக் கெடக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பேயை ஏமாற்றிய பெருமை அந்தச் சிரிப்பில் இருந்தது. அக்காவைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவள் ஈரத் துணியை எடுத்து அவர் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

"நல்ல வேள," என்றாள். "பதில் சொல்லாம இருந்தீங்க."

அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் ஜன்னி. மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

அவர் அதைச் சொன்ன அன்றே, வெளியே நடைவழியில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. "தம்பி, மொதல்ல என்னங்கன்னுதான் கூப்பிட்டேன்" என்றாள். "அந்த ஸ்பீக்கர்ல பட்டன அமுக்கிக்கிட்டே பேசணும்னு எனக்குத் தெரியல. அது வெளியவே போவல. அப்பறம்தான் ஸ்பீக்கர் குடுத்தவரு பட்டன அமுக்கிக் காட்டி, பேரச் சொல்லுங்கன்னாரு." அவரிடம் சொல்லாமல் விட்டாயே என்று ஒருநாள் கேட்டேன். "சிரிச்சாரு பாத்தியா, அதையும் நான் புடுங்கணுமா?" என்று திருப்பிக் கேட்டாள்.

வேனை விற்றாகிவிட்டது. வாங்கியவர் தட்டுகளைப் பிடுங்கிவிட்டுக் காய்கறி ஏற்றுகிறார். செமோர் சந்தையில் சில நேரம் அது நிற்பதைப் பார்ப்பேன். பின்கதவு திறந்திருந்தால் கீரை வாசம்தான் வருகிறது. அந்த மலையும் அங்கேயேதான் இருக்கிறது. அக்கா வீட்டுக் கொல்லையில் நின்றால் நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்துக் கொடியில் இப்போது அவள் துணி காயப்போடுவதில்லை.

மகளுக்குக் கல்யாணமாகி இது முதல் தீபாவளி. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அந்தப் பெண் தன் புருஷனை எப்போதும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். அன்று பெரியவர்கள் கூடியிருந்ததால் மரியாதை காட்ட நினைத்தாளோ என்னவோ, வெளியே காரைக் கழுவிக்கொண்டிருந்தவனை வாசலைப் பார்த்து, "இங்க பாருங்க, சாப்பிட வாங்க" என்றாள். பெரியவர்கள் முகத்தில் ஒரு மெச்சுதல் தெரிந்தது. அக்கா முறுக்குத் தட்டை மேசைமேல் வைத்தாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிடு."

"அம்மா, எல்லாரும் இருக்காங்க."

"இருக்கட்டும். சத்தமாச் சொல்லு. உன் வாயில அவன் பேரு வந்து வந்து அவன் காதுக்குப் பழகணும்."

மகளுக்கு எதுவும் விளங்கவில்லை. இருந்தாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புருஷனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "வாரேன்!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. குரல் வந்த பிறகும் அக்கா நகரவில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசற்படியில் கால் வைக்கும்வரை, அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.