ஒலிந்தோ வராத ஆண்டு

எங்கள் வெரோனா அணி கால்பந்து லீக் கோப்பையை வென்ற ஆண்டில் அதற்காக அதிகம் பாடுபட்டவர் யார் என்று எங்கள் பேட்டையில் கேட்டால், ஒலிந்தோ ஸர்தினி என்பார்கள். ஒலிந்தோ பந்தை உதைத்தவர் இல்லை. டவுன் பஸ் ஓட்டுகிறவர். மீசையும் தொந்தியும் உள்ளவர். அவர் பட்ட பாடு ஒன்றே ஒன்றுதான்: மைதானத்துக்குள் காலடி வைக்காமல் இருந்தது. இதைச் சொல்லும்போது முதலில் சிரிக்கிறவரும் அவர்தான், மற்றவர்கள் சிரிப்பதற்குள் முந்திக்கொள்வார்.

எங்கள் அணிக்கும் எங்களுக்கும் தோற்றுத்தான் பழக்கம். இரண்டாம் டிவிஷனில் கிடந்த காலத்தில், மழையிலும் மூடுபனியிலும் நனைந்தபடி ஒலிந்தோ ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தார். அப்போது யாரும் அவருடைய ராசியைப் பற்றிப் பேசவில்லை. தோற்பதற்குத் தனியாக ஒரு காரணம் தேவைப்படவில்லை. அணி நன்றாக ஆடத் தொடங்கிய பிறகுதான் வினை வந்தது. நாடு முழுவதுக்குமான கோப்பையின் இறுதிப் போட்டிக்குப் போனோம், அது இரண்டு ஆட்டமாக நடப்பது. உள்ளூரில் நடந்த முதல் ஆட்டத்தன்று ஒலிந்தோவுக்கு டூட்டி, இரண்டு கோலில் ஜெயித்தோம். டூரினில் நடந்த இரண்டாவது ஆட்டத்துக்கு அவர் லீவு போட்டு வந்தார், மூன்று கோல் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அடுத்த ஆண்டும் இறுதிப் போட்டி. ரோமுக்கு வந்தார். நம் ஆளே நம் வலைக்குள் பந்தைத் தள்ளினார். ஊர் திரும்பும் வரை பஸ்ஸில் ஒலிந்தோவின் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

"என்னை வழியிலேயே இறக்கி விட்டுருங்கடா, நானா இருந்தா அதைத்தான் செய்வேன்" என்று அவரே சொன்னார். சிலர் அதை உண்மையாகவே யோசித்தார்கள்.

எண்பத்து நான்கு செப்டம்பரில் லீக்கின் முதல் ஆட்டம் எங்கள் ஊரில். எதிரே நேப்பிள்ஸ் அணி, உலகத்திலேயே விலை கூடிய ஆட்டக்காரரை வாங்கி வந்திருந்தது. அன்று காலை ஒலிந்தோவுக்குச் சிறுநீரகக் கல் வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றுக்கு ஒன்று, வெரோனா ஜெயித்தது. சாயங்காலம் எல்விரா கடைக் கூட்டம் முழுவதும் பூங்கொத்தோடு கட்டிலைச் சுற்றி நின்றது. எல்விரா கடை எங்கள் தெருமுனையில் இருக்கிறது. காலையில் காபி, மாலையில் ஒயின், எந்நேரமும் வாக்குவாதம். நம் மேல் இவ்வளவு பிரியமா என்று ஒலிந்தோவுக்குக் கண் கலங்கியது.

மைதானத்தில் அவருக்குப் பக்கத்து இடத்துக்காரரான கால்தினோ, தரைக்கு ஓடு பதிப்பவர், குனிந்து கேட்டார்.

"கல்லு வெளிய வந்துருச்சா?"

"இன்னும் இல்லடா."

"அவசரப்படாத. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் உள்ளயே வச்சுக்க."

கல் மறுநாளே வந்துவிட்டது. தீர்ப்பும் கூடவே வந்தது. எல்விரா கடையில் கூடி முடிவெடுத்தார்கள்: இந்த சீசன் முழுக்க ஒலிந்தோ மைதானத்துக்கு வரக்கூடாது. ஆட்டம் தொடங்கும்போது ஆற்றுக்கு அக்கரையில் இருக்க வேண்டும். அவருடைய இடம் காலியாக இருந்தாலும் ஆகாது என்பதால், மனைவி நெரீனா அதில் உட்கார வேண்டும். நெரீனா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கல்யாணமான நாளிலிருந்து கால்பந்துப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

"எனக்கு எதுக்கு இந்தத் தண்டனை? ராசி கெட்டது இவருக்குத்தானே" என்றாள். ஆனாலும் ஒரு குஷனை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்புறம் ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் இதே கதை. ஒலிந்தோ எங்கள் அணியின் மஞ்சள் நீலத் துண்டு போட்ட கூட்டத்தை பஸ் நிறைய ஏற்றி மைதான வாசலில் இறக்குவார். மனைவியும் இறங்குவாள். அவர் காலி பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு பாலம் தாண்டிப் போவார். கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு வாசலோடு திரும்பும் டிரைவர் மாதிரிதான். ஆட்டம் முடிந்ததும் அதே கூட்டத்தை ஏற்றிக்கொண்டு திரும்புவார்.

அக்டோபரில் யுவென்டஸை இரண்டு கோலில் சாய்த்த அன்று, சாப்பாட்டு மேஜையில் நெரீனாவால் குதிரைக்கறிக் குழம்பைத் தொடவே முடியவில்லை. கை இரண்டும் பேசிக்கொண்டிருந்தன.

"நம்ம டென்மார்க்காரன் இருக்கான்ல, அவனை ஒருத்தன் பின்னாலேருந்து இடிச்சான். ஷூ கழண்டு போச்சு. அவன் நிக்கலையே. வெறும் காலுறையோட ஓடி உள்ள அடிச்சான்."

"எந்தக் கால்ல?"

"வலது கால்ல. ஷூ இல்லாத கால்லதான்."

"வலை எந்தப் பக்கம் ஆடுச்சு?"

"நீ சாப்பிடு. ஆறுது."

மறுநாள் பஸ்ஸில் ஏறிய எல்லோருக்கும் ஒலிந்தோ அந்தக் கோலை விவரித்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, வலது காலை பிரேக்கிலிருந்து தூக்கிக் காட்டினார். நேரில் பார்த்தவர்களே வாய் பிளந்து கேட்டார்கள். இறங்கும்போதுதான் அவருக்கே உறைத்தது, இதில் எதையும் தான் பார்க்கவில்லை என்று.

அவருடைய ஏக்கம் அது ஒன்றுதான். இந்த ஆண்டு, இந்த அணியை, ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் ஏக்கத்தோடு கூடவே இன்னொன்றும் வளர்ந்தது, அதைச் சொல்லத்தான் அவர் கொஞ்சம் நெளிவார். பெருமை. அணி முதலிடத்தை விட்டு இறங்கவே இல்லை. சனிக்கிழமை பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அவரைப் பார்த்ததும், கெட்ட ராசி ஒட்டாமலிருக்கக் கைப்பிடிக் கம்பியின் இரும்பைத் தொட்டுக்கொண்டு, "ஒலிந்தோ, நாளைக்கு எங்க இருப்பே?" என்பார்கள். "ஆத்துக்கு அந்தப் பக்கம்." "நல்லா இருப்பா" என்று தோளைத் தட்டுவார்கள். சர்ச்சில் பாதிரியார் கூட அவரைப் பார்த்துத் தலையசைத்தார். பெனால்டி தடுத்த கோல்கீப்பரைப் போல ஒலிந்தோ நடை போட ஆரம்பித்தார்.

ஜனவரியில் அவெல்லீனோவில் தோற்றோம். விசாரணை நடந்தது. ஒலிந்தோ டிரைவர் சீட்டில் சின்ன ரேடியோ வைத்துக் கேட்டது தெரியவந்தது. காதால் வந்தாலும் வந்ததுதான் என்று தீர்ப்பாகி, எல்விரா ரேடியோவைப் பறித்து காபி டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். தான் இவ்வளவு சக்தி வாய்ந்தவன் என்று அதுவரை ஒலிந்தோவுக்கே தெரியாது.

ஏப்ரலில்தான் சிக்கல். உள்ளூரிலேயே டொரினோ அணியிடம் தோற்றோம். ஒலிந்தோ ஆற்றுக்கு அக்கரையில் இருந்தார். ரேடியோ இல்லை. வெள்ளைக் காகிதம் மாதிரி சுத்தம். அன்று மாலை எல்விரா கடையில் கால்தினோ எழுந்தார்.

"ஒலிந்தோ, தப்பு உன் மேல இல்ல போலிருக்குடா. வீணா உன்னை வெளிய நிறுத்திட்டோம். மன்னிச்சுக்க. அடுத்த ஆட்டத்துக்கு வந்துரு."

ஆறு மாதமாக ஏங்கிய வார்த்தை. ஒலிந்தோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டார். அப்போது மூலையிலிருந்து ஒரு குரல், "அவன் இல்லேன்னா அப்புறம் யாரு?" என்றது. ஒரு தலை திரும்பியது, அப்புறம் எல்லாத் தலையும். ஒயின் கிளாஸைப் பிடித்தபடி நெரீனா நின்றிருந்தாள். இந்த ஆண்டில் மைதானத்தில் அவர்கள் வரிசைக்குப் புதிதாக வந்தவள் அவள் ஒருத்திதான். அவள் முகம் வெளுத்ததை ஒலிந்தோ பார்த்தார். 

"நான் வந்தேன்" என்றார்.

"எங்க?"

"மைதானத்துக்கு. பஸ்ஸை ஓரங்கட்டிட்டு. பத்து நிமிஷம் நின்னேன். மனசு கேக்கலடா."

அவர்மேல் விழுந்த வசவுகளை எழுதினால் அச்சாகாது. கடைசி ஆட்டம் வரை தடை நீடிக்கும் என்றார்கள். மனைவிக்காகத் தியாகம் செய்தார் என்று இதைச் சொல்லலாம். சொன்னால் ஒலிந்தோவுக்கும் பிடிக்கும். ஆனால் திட்டு வாங்கி நின்றபோது அவருக்குள் ஒரு நிம்மதி பரவியது. தன் ராசி பொய்யாகிப் போனால், வந்த வெற்றிகளில் எதிலும் தனக்குப் பங்கில்லை. அவர் இல்லாவிட்டாலும், இருந்தாலும், அந்தப் பையன்கள் ஜெயித்திருப்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை.

மே மாதம் பெர்காமோவில் ஆட்டம். டிரா செய்தாலே கோப்பை. ஊரே கிளம்பிப் போனது, நெரீனாவும் போனாள். ஒலிந்தோ ஒரு பயணியும் இல்லாத பஸ்ஸை ஆளில்லாத தெருக்களில் ஓட்டினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்து மூடினார். பாலத்தின் மேல் போகும்போது, ஒரு வீட்டு ஜன்னல் படீரென்று திறந்தது. அப்புறம் அடுத்தது. ஒரு பெண் பால்கனிக்கு வந்து சமையல் பாத்திரத்தைத் தட்டினாள். ஒலிந்தோ பஸ்ஸை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"எத்தனை?"

"ஒண்ணுக்கு ஒண்ணு. முடிஞ்சிருச்சு. நாமதான்."

அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே அழுதார். பார்க்க ஆளில்லாததால் நன்றாகவே அழுதார்.

மாலையில் சதுக்கத்தில் கால்தினோ அவரைக் கண்டதும் கட்டிப்பிடித்து, நடந்ததைச் சொன்னார். பாதி ஆட்டத்தில் வெரோனா ஒரு கோல் பின்தங்கியிருந்ததாம். முன்பு செய்த மாதிரி ஒலிந்தோ திருட்டுத்தனமாக வந்திருக்கிறான் என்று கடைக் கூட்டம் முழுவதும் தேடப் புறப்பட்டதாம். கூட்டத்தில் ஒருவர், பின்னாலிருந்து பார்த்தால் அதே முதுகு, அதே தொந்தி. கொத்தாகப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளிய பிறகுதான் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். யாரோ பிரெஷியா ஊர்க்காரர், பாலாடைக்கட்டி வியாபாரி.

"மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கறப்பவே உள்ள கோல் விழுந்துச்சு. அப்புறம் எப்படிடா அவரை உள்ள விடுறது? ஒயின் வாங்கிக் கொடுத்து, என் மச்சினனைக் காவலுக்கு நிறுத்திட்டு வந்துட்டேன்."

"அப்போ நான்?"

"நீயும் இருக்கலாம், அவரும் இருக்கலாம். யாரு கண்டா. கடைசி ஆட்டத்துக்கு வா. தோத்தாலும் இனி கவலையில்ல."

முன்பின் தெரியாத ஒரு பாலாடைக்கட்டிக்காரர் மேல் ஒலிந்தோவுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.

கடைசி ஆட்டம் உள்ளூரில். கால்தினோ நகர்ந்து இடம் கொடுக்க, ஒலிந்தோ நெரீனாவின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். ஓராண்டாகப் பார்க்காத அணி. யார் எங்கே ஓடுவார், யார் யாருக்குக் கொடுப்பார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. நெரீனாதான் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள். "இப்ப இடது பக்கம் போவான் பாரு" என்பாள், அவன் போவான். பஸ் ஸ்டாண்டில் புதிதாக வந்திறங்கியவன் மாதிரி ஒலிந்தோ விழித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"ஏப்ரல்ல நீ வரல. எனக்குத் தெரியும்."

"என்னது?"

"அன்னிக்கு உன் பஸ்லதான் ஏறினேன். கதவைத் திறந்ததும் எத்தனைன்னு கேட்டே. பாத்தவன் கேப்பானா?"

ஒலிந்தோ மீசையைத் தடவினார்.

"எனக்காகத்தானே சொன்னே?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். சாகும்வரை அந்த ஒரு ஆட்டலை வைத்தே வீட்டில் ராஜாவாக இருந்திருக்கலாம்.

"உனக்காகக் கால் பங்கு" என்றார். "மிச்சம் எனக்காக. நான் வராததாலதான் ஜெயிச்சாங்கன்னு இருக்கணும்னு ஆசை."

"கால் பங்குதானா?"

"சரி, பாதி."

"மடையா" என்றாள் நெரீனா. "நீ வராததாலதான் நான் வந்தேன். அது போதாதா உனக்கு?"

ஒலிந்தோ அவளைத் திரும்பிப் பார்த்தார். வெயிலில் சிவந்த கன்னம், கழுத்தில் மஞ்சள் நீலத் துண்டு, கத்திக் கத்திக் கரகரத்த தொண்டை. இத்தனை வருஷக் கல்யாணத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். சுற்றிலும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கால்தினோ அவர் முதுகில் ஓங்கி அறைந்தார்.

"யாரு போட்டது?" என்றார் ஒலிந்தோ.

நெரீனா குனிந்து அவர் காதில் எல்லாவற்றையும் சொன்னாள், யார் கொடுத்தது, எந்தக் கால், எந்த மூலை என்று. முழுவதும் கேட்டுக்கொண்டு அவர் எழுந்தார். எழுந்து, பார்த்தவர்கள் அத்தனை பேரையும்விட உரக்கக் கத்தினார்.