நான் நீட்டிய வாக்கியம்

சும்மா உட்காரத் தெரியாத பிள்ளை நான். சோறு தின்னும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு ஆகாது என்று அம்மா தொடையில் ஒன்று வைப்பாள். இரண்டு வாய் சோற்றுக்கு நிற்கும், மறுபடி ஆடும். ஒன்பதாவது படித்த வருஷம் அந்த ஆட்டம் என் கைக்கும் வந்துவிட்டது. இங்கிலீஷ் எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் டீச்சர்தான் காரணம். தமிழில் ‘நேற்று சந்தையில் வாங்கிய குடை’ என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துத்தான் குடைக்கு வர வேண்டும். இங்கிலீஷில் குடையை முதலில் வைத்துவிடலாம். ஹூ, விச், ஹூஸ் என்று கொக்கி போட்டு மீதியைப் பின்னால் மாட்டிக்கொண்டே போகலாம் என்றார். ஆம்பூர் ஸ்டேஷனைத் தாண்டும் கூட்ஸ் வண்டிதான் எனக்கு ஞாபகம் வந்தது. என்ஜின் முன்னால் போய்விட்டால் பெட்டி எத்தனை வேண்டுமானாலும் வரலாம். எதற்கும் காத்திருக்க முடியாத எனக்கு அது பிடித்துப்போனதில் என்ன ஆச்சரியம்? கண்ணில் பட்ட நாய், நடத்துனர், பெரியப்பா எல்லாருக்கும் பெட்டி மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

அம்மா ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து வரும் மேல்தோலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தேறாததை ஒதுக்கும் வேலை. பல வருஷம் மெஷினில் குனிந்து தைத்து முதுகு போன பிறகு கிடைத்தது. முதலில் தாளில் டிக் போட்டால் போதும் என்றுதான் இருந்தது. புதிதாக வந்த மேனேஜர், ஒதுக்கியதில் என்ன குறை என்று தினம் இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும், வெளிநாட்டு ஆட்கள் படிப்பார்கள் என்றுவிட்டார். எழுத முடியாதவர்கள் பழையபடி மெஷினுக்குப் போகலாமாம். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் இங்கிலீஷ். மறுபடி மெஷினில் உட்கார்ந்தால் ஒரு மாதம் தாங்கமாட்டாள். ஆகவே சாயங்காலம் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். காலையில் ஆபீஸில் கொடுத்துவிடுவாள்.

அந்த வாரம் அம்மா திரும்பத் திரும்ப ஒரே குறையைச் சொன்னாள். மூன்றாவது மெஷினில் தையல் கோணலாக வருகிறது. அங்கே தைத்தது எங்கள் எதிர்வீட்டு அத்தை. சொந்தமில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அத்தையானவர். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். கோணல் பீஸ்களை அம்மா சத்தமில்லாமல் அவரிடமே கொடுப்பாள். சாப்பாட்டு நேரத்தில் பிரித்துத் தைத்துத் தருவார். அப்படியும் சரியாகாததுதான் தாளுக்கு வரும். கம்பெனிப் பெண்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. அம்மா அடுப்பைப் பார்த்தபடி, பாவம் அவளுக்குக் கண்ணு தெரியல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தையல் கோணல் என்று மட்டும் எழுதச் சொன்னாள்.

தையல் கோணல், இரண்டே வார்த்தை. எனக்குக் கை ஊறியது. அன்றைக்குத்தான் டீச்சர் ஹூஸ் நடத்தியிருந்தார். எழுதினேன், மாட்டினேன், நிறுத்தவே இல்லை. ஒரே வாக்கியம் நாலு வரி வந்தது. காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் அம்மா கையெழுத்துப் போட்டு மடித்து எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் வாசலிலேயே மறித்து, எழுதினது எப்படி என்று கேட்டேன். இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு என்று மேனேஜர் பாராட்டினாராம். சொன்ன முகத்தில் சிரிப்பே இல்லை. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னா எழுதன, தமிழ்ல சொல்லு."

தமிழில் சொல்லப் போனால் கடைசிப் பெட்டியிலிருந்து அல்லவா ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது! கண் சரியாகத் தெரியாத, மூன்றாவது மெஷினில் உட்காருகிற பெண் தைத்த, தையல் கோணலான ஷூ என்றேன். இங்கிலீஷில் கடைசியில் ஒடுங்கிக் கிடந்த கண், தமிழில் முதலில் வந்து நின்றது. அம்மா அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். அத்தையை மத்தியானமே மெஷினிலிருந்து எழுப்பி, பசை தடவும் மேஜைக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கே சம்பளமும் கம்மி.

"தப்ப எழுது. தச்ச கைய எழுதாத," என்றாள்.

வாக்கியம் நீளமானதற்குத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு காலை ஆட்டியபடி நின்றேன். அப்போது அத்தையே வந்துவிட்டார். அழுது வீங்கிய முகம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அண்ணி, என் கண்ணப் பத்தி உங்க தாள்லதான் எழுதி இருந்துதாம். உங்களுக்கு அவ்ளோ எழுத வராதே. யார் எழுதனது?"

கேட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினார். தெருவுக்கே தெரியும், எங்கள் வீட்டில் இங்கிலீஷ் யார் கையில் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"நான்தான் எழுதுனேன்."

அத்தை வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு கம்பெனி பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்காரவில்லை. எங்கள் வீட்டுப் பலகாரம் அந்த வீட்டுக்குப் போய், தொடாமல் திரும்பி வந்தது. அம்மா யாரிடமும் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கோ அன்று ராத்திரி முழுக்க ஆத்திரம். ஒவ்வொரு எழுத்தும் நான் எழுதியது. மேனேஜரே பாராட்டிய என் இங்கிலீஷை இந்த அம்மா இப்படிக் கூசாமல் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டாளே என்று.