நாகேந்திரம் தேர்ந்த சறுக்குப் பலகை

வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் நாகேந்திரம் கடல் பக்கத்து ஆசனத்தில் உட்காரமாட்டார். அங்கேதான் காற்று வருமென்று சனம் இடித்துப் பிடித்துக்கொண்டு ஏற, அவர் தரைப்பக்கத்தில் குடையைத் தொடைகளுக்கு நடுவே நட்டுக்கொண்டு இருப்பார். தண்டவாளத்தின் ஓரத்தில் அலை வந்து மோதினால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டில் விளக்குச் சுவிச்சைக் கையில் துண்டு சுற்றித்தான் அழுத்துவார். யார் என்ன சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது ஒன்றுதான்: "தற்செயலா ஏதும் நடந்தா?"

இப்படிப்பட்டவருக்குக் கொழும்புக் கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கடையின் விளையாட்டுச் சாமான் பகுதியில் வேலை. வேட்டைக் கத்தி, மலையேறும் கயிறு, ஆழ்கடல் தூண்டில் எல்லாவற்றையும் அவர்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும். பொதிசெய்து நீட்டும்போது, கவனமாக இருக்கும்படி துரைமாருக்கு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லுவார். அதற்காக மனேஜரிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார்.

அவருடைய ஒரே தங்கை சிவமணி, கொட்டாஞ்சேனையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தாதி. தாய் தகப்பன் போனபின் அவளை வளர்த்தவர் இவர்தான். சயரோகப் பராமரிப்பைப் பழகுவதற்கு மிஷன் அவளைச் சுவிற்சர்லாந்தில் ஒரு மலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தீர்மானித்தது. பனிக்காலத்தில் அங்கே தெருக்கள் மூடிவிடுமாம். கிராமத்து நோயாளரைப் பார்க்கத் தாதிமாரும் காலில் சறுக்குப் பலகை கட்டிக்கொண்டுதான் போவார்களாம். சாப்பாட்டு நேரத்தில் அவள் இதைச் சிரித்துக்கொண்டு சொல்லி, கடையில் தனக்கு ஒரு சோடி பார்க்கும்படியும் கேட்டாள்.

"தற்செயலா விழுந்தா?" என்றார் நாகேந்திரம்.

"எழும்பிறதுதான் அண்ணை."

அவர் சோற்றைப் பாதியில் விட்டு எழும்பினார்.

அந்த நாட்களில்தான், ஏற்றுமதிக் கந்தோர் ஒன்றில் உத்தியோகம் பார்த்த சுவிஸ்காரத் துரை தமது மூன்று சோடிச் சறுக்குப் பலகைகளை விற்றுத் தரும்படி கடைக்குக் கொண்டுவந்தார். ஊர் திரும்பும் எண்ணம் அவருக்கு விட்டுப்போயிருந்தது. நாகேந்திரம் தங்கையின் சங்கதியைச் சொல்லி, எது நல்லதென்று கேட்டார். அகலமான சோடி புதிதாகப் பெய்த ஆழப் பனிக்கு. ஒடுங்கி நீண்டது இறுகிய சரிவில் நேரே பாய்வதற்கு என்றார் துரை. விடியலில் கல்லாகவும் மத்தியானத்தில் சகதியாகவும் கிடக்கிற பனியிலும், மரங்களுக்கு ஊடாகவும், நாளாந்தம் ஒரே சோடியில் போய்வருவதென்றால் மூன்றாவதுதான். அது நடுத்தர அகலம். அடியில் இரு விளிம்பிலும் மெல்லிய உருக்குத் தகடு திருகாணி போட்டுப் பூட்டியிருந்தது. நாகேந்திரம் விரல் வைத்துப் பார்த்தார். கத்திதான். வெள்ளைப் பனியில் சிவமணி புரண்டு கிடப்பதும், அந்த விளிம்பு அவள் கணுக்காலில் இறங்குவதும் கண்முன்னே வந்து நின்றன.

துரை போனதும் அந்தச் சோடியைக் கூடாரச் சீலைகளுக்குப் பின்னால் தள்ளி மறைத்தார். பலகை இல்லாவிட்டால் அவள் ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே இருந்துவிடுவாள் என்று ஒரு நினைப்பு. பின்னேரம் வீட்டுக்குப் போய், தோதாக ஒன்றும் அகப்படவில்லை என்று சொன்னார்.

"பரவாயில்லை அண்ணை. அங்கை ஆரோ விட்டிட்டுப்போன பழசுகள் கிடக்காம். அதிலை ஒண்டைக் கட்டிக்கொண்டு போவன்."

பழைய பயத்தின் இடத்தில் அதைவிடப் பெரிய பயம் வந்து குந்திக்கொண்டது. மறுநாள் மத்தியானம் சாப்பிடாமல் துரையின் கந்தோருக்குப் போனார். தகடு இல்லாத பழைய பலகையோடு இறுகிய சரிவில் இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். வெறும் மரம் அங்கே பிடிக்காது என்றார் துரை. உருக்கு விளிம்பை அழுத்தித்தான் மனிதர் நிற்பது, அது இல்லாவிட்டால் சரிவு முடியும் இடத்தில்தான் நிற்கலாம். சரிவு எங்கே முடியும் என்று நாகேந்திரம் கேட்டார். துரை பேனையை மூடி வைத்தார். சில இடங்களில் அது பள்ளத்தில் முடியும் என்றார்.

திரும்பி வரும்போது வெயிலில் குடையை விரிக்கவும் மறந்திருந்தார். கடையில் கூடாரச் சீலைகளைக் காணவில்லை. யாரோ காலையில் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பலகைச் சோடி மட்டும் எவரும் எடுத்துப் போகும்படியாகச் சுவரில் சாய்ந்து நின்றது. நாகேந்திரம் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி மனேஜரிடம் போய், இது தமக்கு என்று சொன்னார். தம்மைவிட உயரமான அந்தப் பொருளோடு அவர் ரயிலில் நின்றபோது, வள்ளம் வலிக்கிற துடுப்போ என்று ஒருவர் விசாரித்தார். அவர் காதில் அது விழவில்லை.

அன்றைக்கே வீட்டு விறாந்தையில் சிவமணிக்குச் சப்பாத்து மாட்டிப் பலகைகளைக் கட்டினார். வாரை இறுக்கினார், கால் நோகுமென்று தளர்த்தினார், கழன்றுவிடுமென்று மறுபடியும் இறுக்கினார். அவள் நிமிர்ந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

"விடுங்கோ அண்ணை. இது சீமெந்துத் தரை. எங்கை வழுக்கப்போகுது?"

ஓம் என்று தலையாட்டினார் நாகேந்திரம். ஆனால் எழும்பவில்லை. முழங்காலில் இருந்தபடியே, வளைந்து நின்ற பலகை நுனிகள் இரண்டையும் நகம் வெளுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.